கடைசி வரியைப் படிக்காத வகுப்பு

1
தப்பு என்னுடையது. போன ஏப்ரலில் ஒரு கதை தொடங்கினேன். முடிச்சூரில் ஒரு பள்ளி, நான்காம் வகுப்பு, ஜோசலின் மிஸ். ‘நாளை முதல் கோடை விடுமுறை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். டீ நீண்டுவிட்டது. பிப்ரவரியில்தான் கதைக்குத் திரும்பினேன். அதுவரை பிள்ளைகள் அந்த ஒற்றை வரிக்குள்ளேயே கிடந்திருக்கிறார்கள்.

அவசர அவசரமாகப் பள்ளியைத் திறந்து, நானும் வகுப்புக்குள் போய் நின்றேன். (ஐந்தாம் வகுப்புக்கும் அதே மிஸ். புதிதாக ஒருவரை உருவாக்கச் சோம்பல்.)

2
தூக்கம், அழுகை, மறந்துபோன ஏழாம் வாய்ப்பாடு எல்லாம் வழக்கம்தான். வாசிப்புதான் வழக்கமாக இல்லை. ஜெரூஷா எழுந்து மழைப் பாடத்தைத் தண்ணீர்பட்ட பாடாக வாசித்தாள். கடைசி வரிக்கு முன்னால் நின்றாள். மறுபடி முதல் வரிக்குப் போனாள். அடுத்து உதயா. அவனும் அதே இடத்தில் நின்றான். வகுப்பு முழுக்க அப்படியே. கணக்கு நோட்டுகளில் விடை எழுத வேண்டிய இடம் மட்டும் வெள்ளை.

“லாங் லீவுக்கு அப்புறம் பசங்க இப்படித்தான் சார். செட் ஆயிடுவாங்க,” என்றார் ஜோசலின் மிஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆகலேன்னா எல்லாரையும் நாலாவதுக்கே இறக்கிடுவேன்றாரு எச்.எம்.,” என்றார்.

3
காரணம் தேடி எழுதிப் பார்த்தேன்.

ஜெரூஷா விடுமுறை முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டு (இந்த வரியை அடித்துவிட்டேன். போன் பாவம், எவ்வளவு பழிதான் தாங்கும்?)

ஏரியிலிருந்து ஏதோ ஒன்று அவர்கள் பின்னாலேயே (இதை எழுதும்போது பிள்ளைகள் அத்தனை பேரும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். பேனாவை மூடிவிட்டேன்.)

4
உதயாவைக் கேட்டேன். “லீவுல இன்னாடா பண்ணீங்க?”

“தாம்பரம் ஸ்டேஷன்ல நின்னுகினு இருந்தோம் சார். வண்டி வருது, வண்டி வருதுன்னு மைக்ல சொல்லிகினே இருந்தாங்க. வரவேயில்ல. ஐஸ்காரரு மணி அடிக்கத் தூக்குன கை அப்படியே கீது. மத்தியான வெயிலு, நெழலு நகரவேயில்ல.”

ஏப்ரலில் விட்டுவிட்டுப் போன அந்த வரிக்குப் பிறகு நான் சாயங்காலமே எழுதவில்லை.

“அதுக்கும் கடைசி வரிக்கும் இன்னாடா சம்பந்தம்?”

“பேஜார் பண்ணாத சார்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

5
முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் வாசகரே என்று நழுவப் பார்த்தேன். கால் கதவுப் பக்கம் போனபோதுதான் ஜெரூஷாவின் விரலைக் கவனித்தேன். பாடத்தின் கடைசி வரியை அது மூடியிருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம்.

“ஏம்மா, அதை மட்டும் ஏன் விடறே?”

விரலை எடுக்காமல் நிமிர்ந்தாள்.

“பாடம் முடிஞ்சா மிஸ் லீவு விட்டுடுவாங்க. கதை முடிஞ்சா நீங்க டீ குடிக்கப் போயிடுவீங்க சார். அங்க திரும்பவும் மத்தியானம்தான்.”