புல் வளர்ந்த பிறகு

பெட்டிக்குக் கைப்பிடி ஆறு. தூக்குவதற்கு வந்து நின்றவர்கள் ஐந்து பேர். ஜோன்சன் தன்னையும் சேர்த்து இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். யாரும் கூடவில்லை.

இறுதிச் சடங்கு மண்டபத்துக் கறுப்புக் கோட்டுக்காரர் அவனருகே வந்து, பூசைக்கு அதிக நேரமில்லை என்பதைப் பிரெஞ்சில் மிகுந்த துக்கத்தோடு தெரிவித்தார். வேண்டுமானால் தங்கள் ஊழியர் ஒருவர் ஆறாவது பிடியைப் பிடிப்பார், ஆள் நல்ல உயரம், பெட்டி சற்றுச் சரியுமே தவிர வேறு குறை வராது என்றார். ஜோன்சன் "மெர்சி" என்று நன்றி சொன்னான். அப்பா இறந்ததிலிருந்து அவன் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். படுத்துத் தூங்கி எத்தனை நாள் என்று யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

முன்வரிசையில் இருந்த அம்மா றோசா தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"செபமாலை அண்ணை வராமல் பெட்டி எழும்பாது."

"அவர் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாராம், அம்மா."

"அது அவற்ர கதை. கொப்பர் சொன்னது சொன்னதுதான்."

அப்பா எமிலியானுஸ் ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது வீட்டைப் பற்றியோ ஆத்துமத்தைப் பற்றியோ அல்ல. "என்னைத் தூக்கேக்க செபமாலையை வலப்பக்கம் விடு. அவனுக்கு வலது தோள் சரியில்லை. இடக்கையால பிடிக்கட்டும்." அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

செபமாலை வராததற்கான காரணம் மண்டப வாசலில் ஒட்டியிருந்தது. மரண அறிவித்தல். மன்னாரைப் பிறப்பிடமாகவும் கனடா மொன்றியாலை வசிப்பிடமாகவும் கொண்ட, 'பார்ட்லெட் கிண்ண வடமாகாணப் புல்தரை டென்னிஸ் சம்பியன்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதன் கீழே அப்பாவின் பெயர். அதற்கும் கீழே நாலு நாட்டு மச்சான், மச்சாள், சம்பந்தி எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் விடுபட்டாலும் அடுத்த சாவு வரைக்கும் கோபம் நிற்கும். இதையே தமிழ் வானொலியிலும் காலை மாலை வாசித்தார்கள்.

எழுதியவர் அம்மாவின் தமையன் அருமைராசா, ஊர் ஒன்றியத்தின் தலைவர். அப்பா கண்ணை மூடிய அன்று தொலைபேசியில் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். ஜோன்சன் ஆஸ்பத்திரி நாற்காலியில் அரைத் தூக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் சம்மதமாக "ஓம்" என்றான். சம்பியனுக்கும் ஓம்.

"பட்டமில்லாமல் வெறும் பேரைப் போட்டா ஆரடா பாக்கிறது?" காகிதத் தட்டில் ரோல்ஸோடு நின்ற அருமைராசா கேட்டார். "செத்த மனுசனுக்கு ஒரு மரியாதை குடுத்தன். ஆர் வந்து கப்பைக் காட்டு எண்டு கேக்கப்போறான்?"

"கேட்டுப்போட்டார், மாமா."

"அந்த விசரனோ? விடு. உந்த நெட்டை வெள்ளையனைப் பிடிக்கச் சொல்லு. ஒருத்தனும் கவனிக்கமாட்டான்."

ஜோன்சன் பெட்டியைப் பார்த்தான். ஆறாவது பிடி வலப்பக்கத்தில், முன்னுக்கு இருந்தது. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மண்டபம் இருந்த அஹுன்ட்சிக்கிலிருந்து செபமாலை குடியிருந்த லாசாலுக்குப் போகிற வழியெல்லாம் பனி கொட்டியது. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் பெப்ரவரி, தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தது.

பார்ட்லெட் கிண்ணத்தின் வரலாறு ஜோன்சனுக்குச் செபத்தைப் போல மனப்பாடம். செபத்தைப் போலவே, யாரும் அவனிடம் விருப்பம் கேட்டுச் சொல்லித் தந்ததல்ல. மன்னார்த் தீவில் புல்தரை வராது என்று யாரோ சொல்லக் கேட்ட பார்ட்லெட் என்ற சுங்கத்துரை, நுவரெலியாவிலிருந்து மண்ணோடு வெட்டிய புற்கரணைகளை ரயிலில் கொண்டுவந்து இறக்கினார். பெண்கள் குடத்தோடு கிணற்றடியில் காத்து நிற்க, புல் முதலில் குடித்தது. வருடாவருடம் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் கிளாக்கர்மாரும் வாத்திமாரும் வெள்ளைக் காற்சட்டையோடு வந்திறங்கி ஆடினார்கள். துரை கப்பலேறிய பிறகும் ஆடினார்கள்.

எழுபத்தொன்றாம் ஆண்டு இறுதியாட்டம் இரண்டு மன்னார்க்காரருக்கு இடையில் நடந்தது. ஒருவர் தபால் கந்தோர் எமிலியானுஸ், மற்றவர் மீன்பிடிச் சங்கத்துச் செபமாலை. ஆளுக்கொரு செற். மூன்றாவது செற்றில் எமிலியானுஸ் ஐந்து, செபமாலை நான்கு என்று நிற்கையில் இருட்டிவிட்டது. மிச்சத்தை விடிய ஆடலாம் என்று நடுவர் ஏணியிலிருந்து இறங்கினார். காவல்காரன் படலையைச் சாத்தாமல் கள்ளுக்குப் போனான். மன்னாரில் மனிதருக்கு அடுத்தபடியாக நிரந்தர வதிவிட உரிமை உள்ளவை கழுதைகள். விடிந்தபோது அவை புல்லை முடித்துவிட்டு நடுவில் கட்டிய நெற் வலையைத் தின்றுகொண்டிருந்தன. குழு அவசரமாகக் கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. ஆட்டம் புல் வளர்ந்த பிறகு தொடரும்.

அந்த வருடம் மழை பொய்த்தது. பிறகு அரிசித் தட்டுப்பாடு வந்தது. வெறும் நிலத்திலெல்லாம் பயிர் வையுங்கள் என்று அரசாங்கம் சொல்ல, கோட்டிலிருந்து கோடு வரை மரவள்ளி நட்டார்கள். மரவள்ளி நன்றாக வந்தது. அதன் பிறகு கலவரம் வந்தது, இராணுவம் வந்தது, ஆடுகளத்தின் மேல் முகாம் வந்தது. புல் மட்டும் வரவில்லை. போட்டியை நிறுத்துவதாக ஒருவரும் ஒருநாளும் அறிவிக்கவுமில்லை.

இறுதியாட்டக்காரர் இருவரும் காலப்போக்கில் மொன்றியாலுக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே பூங்காவுக்குப் பூங்கா சீமெந்து ஆடுகளம் சும்மா கிடந்தது. புல்லில் தொடங்கியதைப் புல்லில்தான் முடிக்க வேண்டும் என்று இருவரும் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். கோடை ஞாயிறுகளில் ஜோன்சன் அவர்களைக் காரில் ஏற்றிப் புல் பார்க்கக் கொண்டு திரிந்தான். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாயக் கல்லூரியின் புல்வெளியில், இரண்டு கிழவர்கள் முழங்காலில் இருந்து பெருவிரலால் தரையை அழுத்திப் பார்ப்பார்கள். "ஈரம் கூட. பந்து எழும்பாது" என்பார் அப்பா. "மாட்டுக்குச் சரி" என்பார் செபமாலை. பிறகு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். இத்தனை கோடையில் ஒரு புல்லும் சரிவரவில்லை. அதில் இருவருக்கும் பெரிய கவலை இருந்ததாகவும் தெரியவில்லை.

செபமாலையின் மனைவி மாக்கிரட் கதவைத் திறந்தாள். கறுப்புச் சேலை, அதன்மேல் குளிர்க்கோட்டு, காலில் பனிச் சப்பாத்து.

"நான் விடியவே வெளிக்கிட்டு நிக்கிறன் தம்பி. இவரைப் பார். நீயே கேள்."

செபமாலை குசினி மேசையில் இருந்தார். முகம் மழித்திருந்தது. மேலே மினுக்கிய வெள்ளைச் சேட்டும் கழுத்தில் கறுப்பு ரையும், கீழே வீட்டில் உடுக்கும் சாரம். முடிவு இடுப்போடு நின்றிருந்தது.

"சம்பியனைத் தூக்க ஆள் பிடிக்க வந்தனியோ?"

"அது மாமா போட்டது, அங்கிள்."

"ரேடியோவிலயும் கேட்டன். சம்பியனாம். எப்ப வெண்டவன்? எனக்குத் தெரியாமல் ஆரோட ஆடினவன்?"

"செத்த வீட்டில நியாயம் பிளக்கிறார்," என்றாள் மாக்கிரட். "அந்த மனுசன் உங்கட கூட்டாளியப்பா."

"கூட்டாளியெண்டு ஆர் சொன்னது?"

"அப்ப ஒவ்வொரு நாளும் போனில கத்தினது ஆரோட? வேறை ஆரும் இருக்கினமோ உங்களுக்கு?"

செபமாலை மேசையில் கிடந்த உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் இழுத்து எதிரெதிராக வைத்தார்.

"இஞ்சை பார் ஜோன்சன். ஒன்பது கேம் முடிஞ்சுது. ஒற்றையில முடிஞ்சா பக்கம் மாறவேணும். கொப்பர் கிணத்தடிப் பக்கம், நான் கோயில் பக்கம். அடுத்த சேர்வ் என்ர. பக்கம் மாற ரெண்டு பேரும் நடக்கத் தொடங்கியாச்சு. நெற்றடிக்கு வரேக்க அம்பயர், இருட்டிப்போச்சு, காணும் எண்டான்." போத்தல்கள் இரண்டும் மேசை நடுவில் வந்து நின்றன. "நாங்கள் இன்னும் பக்கம் மாறேல்லை. விளங்குதோ? பேந்து எப்பிடி ஒருத்தன் சம்பியன்?"

"அப்பா ஒரு கேம் கூட வைச்சிருந்தவர்தானே, அங்கிள்."

"வைச்சிருக்கட்டும். வராத ஆள் தோத்த ஆள், அதுதான் சட்டம். வோக்கோவர். அப்பிடிப் பாத்தா இண்டைக்கு நான்தான் சம்பியன்." அவர் உப்புப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு வேண்டாம்."

தெருவில் பனி வழிக்கும் இயந்திரம் பெரும் சத்தத்தோடு போய், சத்தம் தேய்ந்து மறைந்தது. மாக்கிரட் கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றாள். ஜோன்சன் கதிரையை இழுத்து இருந்தான். எழும்ப முடியுமா என்று பயமாக இருந்தது. சொல்வதற்கு வேறு ஒன்றும் அகப்படாமல், இருந்த செய்தியைச் சொன்னான்.

"இண்டைக்கு அடக்கமில்லை, அங்கிள்."

"என்னது?"

"நிலம் உறைஞ்சு கிடக்காம். தோண்டேலாதாம். பூசை முடிய, சேமக்காலையில பெட்டியை ஒரு அறைக்குள்ள வைப்பினம். இஞ்சை கன சவங்கள் அப்பிடித்தானாம். மே மாசம்தான் புதைப்பினம்."

"மே மாசமோ?"

"ஓம். பனி கரைஞ்சாப்பிறகு."

செபமாலை நிமிர்ந்தார். "புல்லு வளர்ந்தாப்பிறகோ?"

ஜோன்சன் அதை அப்படி யோசித்திருக்கவில்லை. "ஓம்," என்றான். இந்த நாட்களில் சொன்ன ஓம்களில் அதை மட்டும்தான் முழு விழிப்போடு சொன்னான்.

செபமாலை யன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்தார். போத்தல்களை எடுத்து அவற்றின் இடத்தில் வைத்தார்.

"மாக்கிரட், அந்தக் காற்சட்டையை எடு."

காரில் ஏறிய பிறகு ஒரேயொரு தடவை வாயைத் திறந்தார். "பூசை முடிய நீதானே நன்றி சொல்லுறது?"

"ஓம், அங்கிள்."

"ஸ்கோரைச் சரியாச் சொல்லு."

மண்டபத்தோடு சேர்ந்த சிறு கோயிலில் பூசை முடிய, ஜோன்சன் சுவாமியாருக்கும், பாடகர் குழுவுக்கும், பனியிலும் வந்தவர்களுக்கும் நன்றி சொன்னான். பிறகு மைக்கை விடாமல் நின்றான்.

"ஒரு திருத்தம். அறிவித்தலில அப்பாவைச் சம்பியன் எண்டு போட்டிருக்கு. அவர் சம்பியன் இல்லை. கடைசிச் செற்றில அஞ்சுக்கு நாலு. அடுத்த சேர்வ் செபமாலை அங்கிளின்ர. ஆட்டம் இன்னும் முடியேல்லை."

இது ஏதோ வேதாகம வசனம் என்று எடுத்துக்கொண்ட சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுத்ததாகப் பேச இருந்த அருமைராசா, பேனையை எடுத்துத் தன் இரங்கலுரையில் ஒரு சொல்லை வெட்டத் தொடங்கினார். அந்தச் சொல் பல இடங்களில் இருந்தது. வெட்டி முடிய நேரம் பிடித்தது. றோசா மட்டும் முன்வரிசையிலிருந்து மகனைப் பார்த்துத் தலையை ஒருமுறை அசைத்தாள்.

பெட்டி எழும்பியது. செபமாலை வலப்பக்கம் முன்னுக்கு நின்று, இடக்கையால் பிடித்தார். படியிறங்கும்போது, "பாரமே இல்லையடா," என்றார். யாரிடம் சொன்னார் என்று பின்னால் வந்த ஜோன்சனுக்குத் தெரியவில்லை.

மே மாதம் சேமக்காலையில் நடந்த அடக்கத்துக்கு அவ்வளவு பேர் வரவில்லை. துக்கம் ஒரு தடவைதான் விடுமுறை எடுக்கும். சுவாமியார், றோசா, அருமைராசா, ஜோன்சன், செபமாலை, மாக்கிரட். குழியைச் சுற்றிப் பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மண்ணை மறைத்திருந்தார்கள். செபமாலை அதைச் சப்பாத்து நுனியால் ஒதுக்கினார். கீழே புல் முளைத்திருந்தது, குட்டையாக, நெருக்கமாக. ஒரு கையை நிலத்தில் ஊன்றி முழங்காலில் இருந்து பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ஜோன்சன் காத்திருந்தான். ஈரம் கூட என்றோ, மாட்டுக்குச் சரி என்றோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிக் கையைத் துடைத்தார்.

செபம் முடிந்தது. பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்ட பிறகு, அருமைராசா றோசாவைக் கையில் பிடித்துக் கார்ப் பக்கம் கூட்டிப்போனார். கொஞ்சம் தள்ளி மண்வெட்டியோடு ஒருவன் நின்றான்.

"வாங்கோவனப்பா," என்றாள் மாக்கிரட்.

குழிக்கு அந்தப் பக்கம் செபமாலை, இந்தப் பக்கம் ஜோன்சன். செபமாலை குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு குழியின் விளிம்போரமாக மெல்ல நடக்கத் தொடங்கினார். ஜோன்சன் ஏனென்று யோசிக்காமல் தானும் நடந்தான், மற்றப் பக்கத்தை நோக்கி. தலைமாட்டில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தோள் உரசாமல் விலகிக் கடந்து போனார்கள்.

ஜோன்சன் முதலில் நின்ற பக்கத்தில் போய் நின்று, செபமாலை கோட்டைக் கழற்றி மாக்கிரட்டிடம் கொடுத்தார். வலது கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டார்.

மண்வெட்டிக்காரன் இன்னும் கொஞ்சம் பொறுத்தான்.