ஜன்னலோரத் தட்டு

கறிக்கடைக்காரரின் நெஞ்சுவலி ஒரு மழைநாள் மத்தியானம் அவர் மார்பை விட்டு இறங்கி, கூடத்தைக் குறுக்கே கடந்து, ஜன்னலோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிக்குள் ஏறிக்கொண்டது. பூனை அளவு இருந்தது. நனைந்த செங்கல் நிறம். காயப்போட்ட துணியை எடுக்க ஓடிவந்த பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். "உங்க வீட்டு நெஞ்சுவலி நடக்க ஆரம்பிச்சுடுச்சு போலிருக்கே" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் துணியை அள்ளிக்கொண்டு போனார். அவருக்கு அவர் துணி நனைகிற கவலை. மனைவி வாயில் இருந்த கவளத்தை விழுங்கினாள். இடது தோளில் சுருக்கென்றது. கறிக்கடைக்காரர் பல மாதங்களுக்குப் பிறகு முழுசாக ஒரு மூச்சை இழுத்து விட்டு, இன்னும் கொஞ்சம் கீரை போடச் சொன்னார்.

அந்த வலி அவரிடம் வந்தது முந்தின கோடையில். தொடைக்கறியைக் கட்டையில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியோடு சரிந்தார். வாங்க வந்தவர்களே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் ரத்தக் குழாயின் படத்தைக் காட்டி, அடைத்துக்கொண்ட சாக்கடையைப் பற்றிப் பேசுகிற மாதிரியே பேசினார். உயிர் வேண்டுமென்றால் இனிமேல் கீரை, காய், பருப்பு, பழம். "கறியைக் கண்ணால பாக்கலாம். வாயில வைக்கக் கூடாது." வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி, இந்தப் பாழாப்போன நோவு எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று அழுதாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்த எந்தப் பெண்டாட்டியும் இதைச் சொல்லாமல் எழுந்ததில்லை. யாராவது அதைக் காதில் வாங்கிக்கொள்வார்கள் என்று அவளும் நினைக்கவில்லை.

அந்தக் கறிக்கடைத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. நேற்றைய கறியை எந்தக் கடையும் விற்காது. அன்றைக்கு மிஞ்சியது கடைக்காரர் வீட்டில்தான் வேக வேண்டும். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க அதை வீட்டு ஆளே சாப்பிட வேண்டும். தான் விற்கிறதைத் தானே தின்னாதவனிடம் எவன் வாங்குவான்? கல்யாணமான நாளிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டவர் கறிக்கடைக்காரர். அவர் வைத்த மிச்சத்தை அடுப்படியில் சாப்பிட்டவள் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். "நீ போய் ஜன்னல்ல உக்காரு. யார் தின்னா என்ன, இந்த வீட்டு வாய்தானே" என்றார். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, முதல் வாரம் அவளுக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு, சூடான சோற்றை அவள் அதற்கு முன் சாப்பிட்டதே இல்லை.

நோய்க்கும் வயிறு உண்டு. கீரைத் தண்டையும் வேகவைத்த பயறையும் வைத்துக்கொண்டு அது எத்தனை நாள்தான் குடித்தனம் நடத்தும்? நெஞ்சுவலி வாசனை பிடித்துப் போன வழியில் மற்றவையும் போயின. பிரஷர் போனது, நடையில் ஒரு அவசரத்தோடு. சர்க்கரை ஓசைப்படாமல் போனது, போனதே அவளுக்குக் காயம் ஆறாமல் இருந்தபோதுதான் தெரிந்தது. மூட்டுவீக்கம் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து, அரை நாள் எடுத்துக்கொண்டது. இரண்டு வருஷத்தில் கறிக்கடைக்காரர் தொப்பை கரைந்து, கன்னம் ஒட்டி, பழைய கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். மனைவிக்கு மாடிப்படி மறந்துபோனது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவளை அவருடைய அக்கா என்று நினைத்தார்கள். பிறகு வந்தவர்கள் அம்மா என்றே நினைத்தார்கள். அவர் யாரையும் திருத்தியதாகத் தெரியவில்லை.

ஒரே ஒரு தடவை அவள் தப்பிக்கப் பார்த்தாள். கறியைப் பின்வாசல் வழியாகத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு, தானும் ஒரு கிண்ணம் கீரை சாப்பிட்டாள். நான்கும் நாயின் பின்னால் போய்விட்டன. அன்று சாயங்காலம் அவள் மாடி ஏறி நின்று, ஊரை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் நாய் முன்னங்காலால் நெஞ்சைப் பிடித்தபடி கடை வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது. இந்தக் கடைக் கறியை நாய்க்குப் போடுகிறார்கள், நாய்க்கே ஒத்துக்கொள்ளவில்லை என்று பேச்சுக் கிளம்பியது. கறிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்து தட்டை விட்டெறிந்தார். "கடையைச் சாத்திட்டு உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காரவா? ஒரு வாய் கறி திங்க உனக்கு என்ன கேடு?" அதில் என்ன கேடு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். அவள் அடுப்பை மூட்டினாள். நான்கும் நாயை விட்டு இறங்கி, பழகிய வழியில் திரும்பி வந்தன.

இதற்குள் கறிக்கடைக்காரருக்குப் பேச்சு வந்துவிட்டது. பூங்காவில் நடக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த கழகத்தில் இவர் உடம்பைப் பார்த்து வியந்து, ரகசியத்தைக் கேட்டார்கள். இவர் கீரையைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்லச் சுவை கண்டு, சாயங்காலமானால் சால்வை போட்டுக்கொண்டு மேடை ஏறினார். காலையில் கத்தியைத் தீட்டி எலும்பை உடைப்பார். மாலையில் இலை, வேர், விதை என்று உருகுவார். ஊருக்குத்தானடி உபதேசம், உனக்கில்லை என்று யாருக்காகச் சொல்லி வைத்தார்களோ, இந்த வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அவர் பேச்சைக் கேட்டு நாலு பேர் உண்மையிலேயே பிழைத்தார்கள். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அதுதான் எரிச்சல்.

கழகத்தின் ஆண்டு விழாவுக்கு அவளையும் வரச் சொன்னார். அவர் அவளை ஓரிடத்துக்குக் கூட்டிப்போய் வருஷங்கள் ஆகியிருந்தன. அவள் நல்ல புடவையாக எடுத்து உடுத்திக்கொண்டு, வீங்கிய காலைப் பழைய செருப்புக்குள் திணித்துக்கொண்டு போனாள். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று பின்னால் துணி கட்டியிருந்தார்கள். பேச்சின் நடுவில் அவர் அவளைக் கைகாட்டி மேடைக்கு அழைத்தார். மூன்று படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு இரைத்தது. அந்த மூச்சிரைப்பை மைக் எல்லோருக்கும் கேட்கும்படி செய்தது.

"பாருங்க, இவங்க என் சம்சாரம். எனக்கு ஆறு வயசு சின்னவங்க. ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் கீரை, இவங்க கறி. எத்தனையோ தடவை சொல்லிட்டேன், நாக்கைக் கட்ட முடியலை. பலன் உங்க கண்ணு முன்னால நிக்குது."

கூட்டம் ஐயோ என்றது, பிறகு கை தட்டியது. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் ஜன்னலில் அவள் விளம்பரம், மாலையில் மேடையில் அவள் எச்சரிக்கை. ஒரே உடம்பு இரண்டு வேலை பார்த்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவர், "நல்லா எடுபட்டுது இல்ல?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

மறுநாள் மத்தியானம் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கீரைக் கிண்ணத்துக்கு மேல் ஒரு கரண்டி எலும்புச் சாற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கரண்டி போதும். தினமும் ஒரு கரண்டி என்றால் கீரையில் தெரியவே தெரியாது. வாசனை பட்டதும் நான்கும் அவளை விட்டு இறங்கின. அவர் மணைக்குப் பக்கத்தில் வரிசையாக, தாய்வீட்டுக்குத் திரும்பிய சந்தோஷத்தோடு உட்கார்ந்தன. அவளுக்கு உடம்பு பஞ்சாகிவிட்டது. கால் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சு அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று அழுத அழுகை பொய்யில்லை. ஆனால் அவள் கரண்டியை விலக்கியது அவர் மேல் இரக்கப்பட்டு அல்ல. அந்த இரக்கம் முந்தின நாள் மேடையிலேயே செத்துவிட்டது. இவை போய்விட்டால் ஜன்னலோரம் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட வேறு யாரும் இல்லை என்பதை அவள் அப்போதுதான் கண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் கை உப்பைத் தின்றுவிட்டு நன்றி மறக்காமல் கூடவே இருந்தவை இவைதான். இவை தன்னைக் கொன்றுவிடும் என்பதும் தெரியும். சாற்றைத் தன் சோற்றில் ஊற்றினாள். "வாங்க, ஆறிடும்" என்றாள். நெஞ்சுவலிதான் முதலில் எழுந்து வந்தது.

அவர் தலையைத் துவட்டியபடி வந்து, கீரையை ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னிக்கு உப்பு கம்மி" என்றார்.

அன்றிலிருந்து அவள் ஜன்னலோரத்தில் ஐந்து தட்டு வைக்கிறாள். இத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டுக் கறி நன்றாகத்தான் இருக்கும் என்று கடையில் கூட்டம் கூடிவிட்டது. தையல்காரர் போகிற போக்கில் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "எல்லாரும் உக்காந்தாச்சா?" என்று கேட்கிறார்.

"ஆச்சுண்ணே" என்கிறாள் அவள். அவர் மேலே நடக்கிறார்.