கிலுகிலுப்பை வித்வான்

டீச்சர் மேளத்தைத் தட்டினார். எல்லோர் கையும் ஒன்றாக எழுந்தது. சலூன்காரர் கை மட்டும் சற்றுத் தாமதித்து எழுந்து, புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்துகிறவன் மாதிரி ஓடியது.

"அண்ணே, நாளைக்குக் கச்சேரி. நல்லாத்தானே வாசிச்சுட்டிருந்தீங்க, என்ன ஆச்சு?"

அதுதான் அவருக்கும் புரியவில்லை. குடியை விடுவதற்காக இந்த மையத்தில் சேர்ந்தபோது, மருந்து மாத்திரையோடு பாட்டும் உண்டு என்றார்கள். அவருக்கு மேளம் தட்டத் தெரியாது. பாடினாலோ பக்கத்து வார்டில் மாத்திரையைக் கூட்டிக் கொடுக்க வேண்டிவரும். கடைசியில் கையில் ஒரு கிலுகிலுப்பையைத் திணித்தார்கள். திணித்ததுதான் தாமதம், அது சலசலவென்று மழை மாதிரி பேச ஆரம்பித்தது. "என்ன கைங்க இது!" என்று டீச்சரே வாயைப் பிளந்தார். அந்தக் கையைப் பற்றி அதற்கு முன் கடைசியாகப் பேசியவர் மச்சான், மனைவியின் அண்ணன். முடிவெட்டிக்கொள்ள வந்து, அறுபட்ட காதைப் பொத்திக்கொண்டு பேசிய பேச்சு அது. எழுத்தில் போட முடியாது.

பாராட்டு கேட்டு வித்வானுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்குப் போன் போட்டு, "இங்க நான்தான் நம்பர் ஒன்னு. ஞாயித்துக்கிழமை வந்து பாரு" என்று அளந்துவிட்டார். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று அவள் முடிவு சொல்லவேண்டிய நாளும் அதுதான்.

ஞாயிறு வந்தது. முன்வரிசையில் மனைவி, பக்கத்தில், பாகப்பிரிவினைக்கு வந்தவர் போல மச்சான். வித்வான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார். மழை போய், ஒழுகுகிற குழாய்ச் சத்தம்தான் வந்தது.

முடிந்ததும் மச்சான் எழுந்து வந்தார். "மாப்ள, நம்பர் ஒன்னுன்னீங்களாமே? மத்தவங்க எல்லாம் இன்னைக்கு லீவா?"

சலூன்காரர் தலையைத் தொங்கப் போட்டார். "எப்படிப் போச்சுன்னே தெரியல. வந்த புதுசுல அதுபாட்டுக்கு ஆடிச்சு. இப்ப நான் ஆட்டினாத்தான் ஆடுது."

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். "என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

சொன்னார். அவள் அவர் கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் கிலுகிலுப்பையை வைத்துவிட்டு, குழந்தை தூங்கிவிட்டதா என்று பார்ப்பவள் போலக் காத்திருந்தாள். அது பேசவில்லை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மனைவி மச்சான் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இந்த நாற்காலில உக்காரு."

"எதுக்கு?"

"உன் மீசை ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது."

"அது நின்னுட்டுப் போகட்டும்! உனக்கென்ன?"

"நீ முழுசா எந்திரிச்சா, எல்லாரும் ஒண்ணா வீட்டுக்குப் போலாம்."

நர்ஸ், பிளாஸ்திரி வெட்டும் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து சலூன்காரர் கையில் கொடுத்தார். தங்கை பார்த்த பார்வையில் மச்சான் உட்கார்ந்தே விட்டார். "அந்த டீச்சரம்மாவை மட்டும் மேளத்தைத் தொடாம இருக்கச் சொல்லு" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். சலூன்காரர், மச்சானின் மீசை நுனியை இரண்டு விரலால் பிடித்தார். கத்தரிக்கோல் வாயைத் திறந்தது. மீசைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.