நடுப்பகல் பனி

இளையவளின் வயலில் நடுப்பகலில் பனி பெய்தது. மாட்டுத் தீவனத்துக்கு வெட்டிப் போட்ட குதிரைமசால் காய்ந்து, வாரிக் கட்டும் பக்குவம் வந்ததும் மெல்ல இறங்கும், வரப்போடு நின்றுவிடும். வரப்புக்கு இந்தப் பக்கம் அக்காவின் வயல். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். பால்வண்டிக்காரர் அந்த இடம் வந்ததும் வைப்பரைப் போடுவார், தாண்டியதும் நிறுத்துவார். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

பெரிதாக எடுத்துக்கொண்டவள் மூத்தவள் மட்டும்தான். குதிரைமசாலின் சத்தெல்லாம் இலையில் இருக்கிறது. மொறுமொறுவென்று காய்ந்தபின் வாரினால் இலை உதிர்ந்து மண்ணோடு போகும், மிஞ்சுவது குச்சி. ஈரம் அடங்காமல் கட்டினால் கட்டு உள்ளுக்குள் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன நேரத்தைப் பிடிக்க மூத்தவள் விடியுமுன் ஓடுவாள், தண்டை முறுக்கிப் பார்ப்பாள், வானத்தைத் திட்டுவாள். இளையவளோ நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டு உச்சிவெயிலில் டிராக்டரை எடுப்பாள். பனியில் லேசாகப் பதப்பட்டு ஓர் இலை உதிராது. அவளுடைய பச்சைக் கட்டுகளின் வாசனைக்கு மூத்தவளின் மாடுகளே கழுத்தை நீட்டிக் கத்தும். மூத்தவளுக்கு வயிறு பற்றி எரியும்.

சில வருஷம் பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் மூத்தவள் வரப்பில் நின்று, வயலை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"எடுத்துக்கக்கா," என்றாள் இளையவள், கொஞ்சமும் யோசிக்காமல். அவள் யோசிக்காததுதான் மூத்தவளை இன்னும் எரித்தது. அடுத்த அறுப்பில் பனியும் இளையவளோடு வரப்பைத் தாண்டிப் போய்விட்டது.

அன்று மூத்தவள் வீம்புக்கு ஈரத்தோடு வாரி, ஈரத்தோடு கட்டி, மாட்டுக்கொட்டகையில் கூரை முட்ட அடுக்கினாள். நிறமாவது தங்கையுடையதைப் போல இருக்கட்டும் என்று. சில வாரங்களில் ஈரம் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறி, அடுக்கின் நடுவிலிருந்து புகை கிளம்பியது, பிறகு தீ. மாடுகளை அவிழ்க்க உள்ளே ஓடியவளுக்குக் கண் தெரியவில்லை, முடிச்சு கைக்குச் சிக்கவில்லை. அப்போது பிடரியில் ஜில்லென்று பட்டது. கூரைக்குக் கீழே, கொட்டகைக்குள், பனி இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மூச்சிரைக்க இளையவள்.

"உன்னை யாருடி கூப்பிட்டா?"

"என்னை அப்புறம் திட்டு. மாடு என்னக்கா பாவம் பண்ணுச்சு? கயித்தப் பிடி."

தீ அணைந்தது, மாடுகள் பிழைத்தன. கரி அப்பிய முகத்தோடு மூத்தவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"உனக்கு மட்டும் ஏண்டி?"

"நானா கேட்டேன்? எனக்கு முடி காயறதே இல்ல. கல்யாணம் ஆனதுல இருந்து சளி விட்டதில்ல. வேணும்னா நீயே வச்சுக்கோ."

அதற்குப் பிறகு ஒவ்வோர் அறுப்புக்கும் இளையவள் முதலில் அக்காவின் வயலில் நடக்கிறாள். பனி கூடவே நடக்கிறது. பின்னால் மூத்தவள் வாரிக்கொண்டு வருகிறாள். இலை நிற்கிறது. பொறாமை மட்டும் போகவில்லை; தங்கையின் நனைந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"மெதுவா நடடி, ஓரத்துல இன்னும் விழல," என்று அதட்டுவாள். இளையவள் தும்மிவிட்டு, மெதுவாக நடப்பாள்.