இலஞ்சி இல்லத்துக்கு ஆள் தேவை

ஸ்ரீவித்யா கோயம்புத்தூரிலிருந்து தென்காசிக்கு வந்தபோது சாரல் தொடங்கியிருந்தது. இனி குணப்படுத்த முடியாது என்று மருத்துவமனைகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ள, இலஞ்சியில் ஓர் இல்லம் தயாராகியிருந்தது. கட்டில்கள் வந்துவிட்டன. டாக்டரும் நர்சும் இருந்தார்கள். கூடவே இருந்து கவனிக்கத்தான் ஆள் இல்லை. அதற்குப் பெண்களைச் சேர்க்கும் பொறுப்பை அறக்கட்டளை அவளிடம் கொடுத்திருந்தது. அந்தப் பக்கத்தில் அவளுக்கு ஒரு தெருகூடத் தெரியாது.

முதலில் நாளிதழில் விளம்பரம் கொடுத்தாள். வந்த பெண்கள் வேலை என்னவென்று கேட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுதேன் மேடம்" என்று போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. உள்ளூர் கேபிள் டிவியில் கொடுத்தும் பயனில்லை. பேருந்து நிலையத்தில் ஒட்டிய சுவரொட்டிகளின் மேல் மறுநாளே குற்றாலத்து லாட்ஜ் விளம்பரங்கள் ஏறிவிட்டன.

இல்லத்து வேன் ஓட்டுநர் பாண்டிராஜிடம் கேட்டாள். "இந்தப் பக்கம் பொம்பளைங்க கண்ணுல படணும்னா எங்க ஒட்டணும்?"

"பீடிக்கடையில ஒட்டிப் பாருங்க மேடம். சுத்தின பீடியக் கொடுக்கதுக்கு எல்லாரும் அங்கனதான் வருதாங்க. ரேஷன் கடையிலயும் ஒட்டலாம்."

இருவரும் வாசுதேவநல்லூர்வரை போய் ஒட்டிவிட்டு வந்தார்கள். அதன்பிறகு போன் ஓயவில்லை. ஆனால் அழைத்தவர்கள் வேலை கேட்கவில்லை, கட்டில் கேட்டார்கள். அம்மாவுக்கு, அண்ணனுக்கு, மாமனாருக்கு. ஆள் கிடைத்தால்தான் திறக்க முடியும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, பெயரையும் ஊரையும் எழுதிவைத்துக்கொண்டாள்.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து அழைத்தவள் காளீஸ்வரி. கணவன் இசக்கிதுரைக்கு வயிற்றில் புற்றுநோய். அவளுடைய குரலைக் கேட்டபின் ஸ்ரீவித்யாவால் போனில் மட்டும் பதில் சொல்லிவிட்டு இருக்க முடியவில்லை. நர்சையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர்கள் போனபோது காளீஸ்வரி கணவனைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப தொறப்பீக?" என்று கேட்டாள்.

"சீக்கிரம்" என்றாள் ஸ்ரீவித்யா. அதைச் சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை இல்லை.

இல்லம் திறக்கும் முன்பே இசக்கிதுரை இறந்துபோனான். துட்டி கேட்கப் போன ஸ்ரீவித்யா, பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். காளீஸ்வரி அழவில்லை.

"நீங்க தொறந்திருந்தா கடைசியில அவுக அப்படிக் கத்தியிருக்க மாட்டாக" என்று மட்டும் சொன்னாள்.

ஸ்ரீவித்யா தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பும் வழியில் பாண்டிராஜிடம், "இனிமே சுவத்துல ஒட்ட வேண்டாம்" என்றாள். "நமக்குப் போன் பண்ணினாங்களே, அவங்களையே கேட்கலாம். இது என்ன வேலைன்னு அவங்களுக்கு நாம சொல்ல வேண்டியதில்ல."

பாண்டிராஜ் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "துட்டி வீட்டுல போயா வேலைக்கு ஆள் கேக்குறது?"

"இப்ப இல்ல. கொஞ்ச நாள் போகட்டும்."

ஐப்பசி மழை விட்டதும் ஒவ்வொருவராக அழைத்தாள். "எங்கம்மா போயி கண்ணீர்கூடக் காயல, ஆள் புடிக்கீகளோ" என்றார் ஒருவர். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அன்று முழுவதும் அவள் வேறு யாரையும் அழைக்கவில்லை. மாமியாரை இழந்திருந்த தென்காசி பர்சானா, கணவனிடம் கேட்டுக்கொண்டு மறுநாளே வந்தாள். வேறொருத்தியும் சேர்ந்தாள். கடைசியாக, ஸ்ரீவித்யா பயந்துகொண்டே காளீஸ்வரியை அழைத்தாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள் காளீஸ்வரி. ஸ்ரீவித்யா அவளையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

ஒரு வாரம் கழித்துக் காளீஸ்வரி தானே வந்து நின்றாள். விரித்த கட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அவுகளுக்குச் செஞ்சத இன்னொருத்தருக்குச் செய்ய முடியுமான்னு தெரியல மேடம்."

"முடியலன்னா போயிடுங்க. உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

மார்கழியில் இல்லம் திறந்தது. முதலில் வந்தவர் ஆவுடைநாயகம் என்ற முதியவர். அவர் முனகத் தொடங்கியதும் காளீஸ்வரி அறையை விட்டு வெளியே வந்து, குழாயடியில் உட்கார்ந்து அழுதாள். கணவன் செத்த அன்று வராத அழுகை. ஸ்ரீவித்யா அவளிடம் போக எழுந்தாள். பிறகு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். உள்ளே நர்ஸ் மருந்து கொடுத்தாள். பர்சானா பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முனகல் மெல்ல அடங்கியது. காளீஸ்வரி எழுந்து முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஐயா, இந்தப் பக்கமா திரும்பிப் படுக்கீகளா?" என்று கேட்டாள்.

அவர் தலையசைத்தார். அவள் அவருடைய முதுகுக்குக் கீழே கைகொடுத்து, நோகாமல் திருப்பினாள்.