வெட்டுப்பட்ட சாமி

கோயில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது என் கழுத்துக் கயிறு அறுந்து, அதில் கிடந்த தங்கக்காசு உருண்டுபோய்ப் பங்குச் சாமியாரின் காலடியில் விழுந்தது. புதிதாக வந்தவர், ரோமாபுரியில் படித்தவர். எடுத்தவர் கொடுக்கவில்லை. வெயிலில் பிடித்து, ஓரத்தில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

அந்தக் காசு என் வீட்டுக்காரர் ஆரோக்கியமுத்து கிணறு தோண்டியபோது கிடைத்தது. சுதந்திரம் வந்த மறுவருஷம். ஒரு பக்கம் ஆண் தலை, கழுத்தில் ஆழமாக ஒரு வெட்டு. மறுபக்கம் நாற்காலியில் ஒரு பெண், கையில் கிளை. மண்ணை வேட்டியில் துடைத்ததுமே அந்த மனுஷன் முடிவுகட்டிவிட்டார்: வெட்டுப்பட்டவர் வேதத்துக்காக ஓரியூரில் தலை கொடுத்த புனிதர் அருளானந்தர், குருத்தோலை பிடித்திருப்பவள் மாதா. ஆவூர் மாதிரிப் பழைய வேதக்கார ஊரில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. அருளானந்தருக்குத் தாடி உண்டே என்றேன்.

"வெட்டுறதுக்கு முன்னாடி செரச்சுவிட்டிருப்பாங்கடி" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. அப்போதிருந்த சாமியாருக்குப் பார்வை மங்கல். மந்திரித்தே கொடுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் மழை இல்லை, கிணறும் வறண்டது. அவர் கடல் தாண்டிக் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் புறப்பட்டார். புதுக்கோட்டை ரயிலடியில் தன் கையாலேயே அந்தக் காசை என் கழுத்தில் கட்டினார். கோயில் மணி அடிக்கும்போதெல்லாம் அதை உதட்டில் வைத்து முத்தி செய்யச் சொன்னார். அந்நேரம் தானும் அங்கிட்டு என்னை நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். போன இடத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கல்லறையைக்கூட நான் பார்த்ததில்லை. எனக்கென்று மிஞ்சியது அந்தக் காசுதான்.

சாமியார் என்னை உள்ளே கூப்பிட்டு, காசை மேஜைமேல் வைத்தார்.

"இது அருளானந்தர் இல்லம்மா. திபேரியு, ரோமாபுரி ராஜா. நம்ம ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்சது இவன் ஆட்சியிலதான்."

அந்தப் பெண்ணும் மாதா இல்லையாம். அவனுடைய அம்மாவாக இருக்கலாமாம். காசு மறுபடி செல்லாமல் போகட்டும் என்று யாரோ போட்ட வெட்டாம் அது. இனிமேல் இதை முத்தி செய்யக் கூடாது, இங்கேயே இருக்கட்டும், கழுத்தில் போட வேறு மாதா சுரூபம் மந்திரித்துத் தருகிறேன் என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

எனக்குக் கோபமான கோபம். ராஜா மேலும் இல்லை, சாமியார் மேலும் இல்லை. இந்தச் சங்கதி தெரியாமலே செத்துப்போன மனுஷன் மேல். இருந்திருந்தால் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், நானும் சிரித்திருப்பேன்.

"சரிங்க சாமி" என்றேன்.

அந்நேரம் பார்த்து மத்தியான மணி அடித்தது. சாமியார் எழுந்து ஜெபம் சொல்லத் தொடங்கினார். நானும் கண்ணை மூடினேன். கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வெறும் விரலையே முத்தி செய்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மேஜையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். சாமியார் ஜெபத்தை நிறுத்தாமலே, ஒற்றை விரலால் காசை என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார். தலைப் பக்கம் மேலே இருந்தது. கண்ணும் மூக்கும் என் உதடு பட்டுப் பட்டு மழுங்கிக் கிடக்க, கழுத்து வெட்டு மட்டும் அப்படியே இருந்தது.