வாங்க என்று எழுதிய மிதியடி

மின்மீட்டர் பார்க்க வந்தவர் எழுத்துக்காரியின் வீட்டு வாசல் மிதியடியில் கால் வைத்தார். அப்புறம் மூன்று வருஷம் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, வெயில் சுமார்தான். உள்ளே வந்தவர் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டார், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மாலையில் அவள் விளக்கைப் போட்டபோதும் அங்கேயே இருந்தார். கிளம்பவில்லையா என்று கேட்டதற்கு, கிளம்பிக்கொண்டேதான் இருப்பதாகச் சொன்னார்.

எழுத்துக்காரி என்று அந்தக் குடியிருப்பில் அவளைச் சொல்வதற்குக் காரணம் அவள் தொழில். தூரிகையால் சொற்களை வளைத்தும் இழுத்தும், பார்த்தாலே அதன் குரல் கேட்கிற மாதிரி எழுதுவாள். கோப்பை, தலையணை உறை, நாட்காட்டி என்று செய்து விற்கிற நிறுவனங்கள் அவற்றைத் தொகுப்பு தொகுப்பாக, இத்தனை வருஷத்துக்கு என்று உரிமம் எடுத்துத் தங்கள் சரக்கில் அச்சடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு முகவர். அவள் அவரை நேரில் பார்த்ததே இல்லை, குரல்தான் பழக்கம். நிறுவனம் சொல்வதை முழுசாக அவளிடமும், அவள் சொல்வதில் பாதியை நிறுவனத்திடமும் சொல்வது அவர் வேலை.

அந்த வருஷத்துத் தொகுப்புக்கு 'வீட்டுப் பேச்சு' என்று பெயர். கோப்பைக்கு 'சூடா இருக்கு', தலையணை உறைக்கு 'இன்னும் அஞ்சு நிமிஷம்', துண்டுக்கு 'காதுக்குப் பின்னாடி', மிதியடிக்கு 'வாங்க'. மற்றதெல்லாம் ஒரே மூச்சில் தேறிவிட்டன. 'வாங்க' மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்தது. விறைப்பாக இருக்கிறது என்றார்கள்; தளர்த்தினாள். தூங்கி வழிகிறது என்றார்கள், நிமிர்த்தினாள். துணைக்கால் வழியை மறித்து நிற்கிறதாம், ங் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனசிலிருந்து வரவில்லை என்று முகவர் இழுத்தார். ஒரு மத்தியானம் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும்போது மறுபடி அதே ஃபோன். பேசிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, "வந்து தொலைங்க எல்லாரும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் எழுதினாள். வ-வின் சுழி குனிந்து வரவேற்றது. துணைக்கால் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றது. ங் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அன்று மாலையே நிறுவனம் தலையாட்டியது. அச்சாகி வந்த முதல் மிதியடியை அவள் கணவர்தான் பெருமையோடு வாசலில் விரித்தார்.

மீட்டர்காரருக்குப் பின்னால், மேல் மாடிக்கு வழி கேட்க வந்த தையல்காரம்மா உட்கார்ந்தார். காப்பீடு விற்பவர் வந்தார். காணாமல் போன பூனையைத் தேடிக்கொண்டு ஒரு தம்பதி வந்தார்கள். சற்றுப் பொறுத்துப் பூனையும் வந்தது. எழுத்துக்காரி மிதியடியைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். புது ஆள் வருவது நின்றது. ஆனால் வந்தவர்களை அழைத்தாகிவிட்டது. அவர்களால் தொல்லை என்று எதையும் விரல் விட்டுச் சொல்ல முடியாது. பாத்திரம் தேய்த்தார்கள், துணி மடித்தார்கள், அவரவர் சாப்பாட்டுக்கு ஃபோனிலேயே சொல்லி வாங்கிப் போட்டார்கள். ஆனால் நாற்காலிகளையெல்லாம் அவள் மேஜையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவள் எழுதுவதை வேடிக்கை பார்த்தார்கள். அதோடு நிற்காமல் கருத்தும் சொன்னார்கள். 'ழ' கொஞ்சம் சாய்வதாக மீட்டர்காரருக்குப் பட்டது. தையல்காரம்மாவுக்கு விளிம்பில் ஒரு சரிகை இருந்தால் எடுப்பாக இருக்கும். காப்பீட்டுக்காரருக்கு எந்தச் சொல்லிலும் எதிர்காலம் தெரியவில்லை. அவளுக்குத் தலை வெடித்தது.

முகவரைக் கூப்பிட்டு மிதியடியைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொன்னாள். அவர் சிரித்தார். சரக்கு பறக்கிறதாம். ஒரு பல் மருத்துவர் வாங்கிப் போட்டதில் வலியே இல்லாதவர்கள் வந்து வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார்களாம். உரிமம் முடிய இன்னும் வருஷங்கள் இருக்கின்றன, நிறுவனம் திரைச்சீலைக்கும் அதையே கேட்கிறது என்றார். அவள் கணவரிடம் முறையிட்டாள். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் தனியாக நின்றுவிட்டு வருபவருக்குக் கலகலப்பான கூடம் பிடித்திருந்தது. "இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். போனால்தானே என்று அவள் கேட்டதற்கு, பூனையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். இப்படியே இரண்டு வருஷம் கழிந்து மூன்றாவதும் முடியும் தறுவாய்க்கு வந்தது. அவள் குளியலறையில் சலவை இயந்திரத்தின் மூடிமேல் காகிதத்தைப் பரப்பி எழுதினாள். அங்கேயும் கதவைத் தட்டி, வெளிச்சம் போதுமா என்று கேட்டார்கள். கை மரத்துப்போனது. புதுத் தொகுப்பில் ஒரு சொல்கூடத் தேறவில்லை. இன்னொரு தடவை தவணை தப்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நிறுவனம் சொல்லிவிட்டது.

அடுத்த நாள் காலை அவள் 'போங்க' என்று எழுதினாள். அப்படி ஒரு சொல்லை யாரும் வாசலில் மாட்டுவதில்லை. அவள் விற்பதற்காக எழுதவும் இல்லை. கதவின் உட்புறம் ஒட்டிவிட்டு, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டலாம் என்று கை கழுவப் போனாள். அதற்குள் கணவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். கதவருகில் நின்று படித்தார். போனார்.

சொல்லிக்கொள்ளாமல் போனது உறுத்தவே, அவர் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் காகிதத்தைக் கழற்றி மடித்து வைத்தாள். மாலையில் அவர் வரவில்லை. தேடிக்கொண்டு போனவள், தெரு முனையில் அவர் நிற்பதைப் பார்த்தாள்.

"வரணும்னுதான் பாக்கறேன். இது வரைக்கும் வர்றேன், அதுக்கு மேல கால் திரும்பிக்குது" என்றார்.

"உங்களை நினைச்சு எழுதலைங்க."

"எழுத்துக்கு அது தெரியலையே" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

அந்தக் கோபமின்மைதான் அவளை என்னவோ செய்தது. வீட்டுக்கு ஓடி அந்தக் காகிதத்தை, மற்றவர்கள் கண்ணில் படுமுன், கிழித்துப் போட்டாள். ஆனாலும் அவருக்கு வழி திறக்கவில்லை. அவர் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் மோட்டார் அறையில் படுத்துக்கொண்டார். மத்தியானம் அவள் சாப்பாடு கொண்டுபோவாள். இருவரும் தெரு முனைத் திண்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர் சட்டைக் கழுத்து அழுக்காகியிருந்தது. இத்தனை வருஷமாகக் காலையில் அவர் கிளம்பும்போது மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல் 'ம்' கொட்டியது அவள் நினைவுக்கு வந்து, தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

எழுத வேண்டியது எது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வெளியே போகிற யாரிடமும் யாரும் வெறுமனே போகச் சொல்வதில்லை. 'போயிட்டு வாங்க'. சிக்கல் இரண்டு சொல்லுக்கும் நடுவில் விடுகிற இடத்தில் இருந்தது. நெருக்கி எழுதியதைத் தையல்காரம்மாவிடம் காட்டினாள். அவர் மாடிப்படி வரை போய், செருப்பைக்கூடப் போடாமல் திரும்பி வந்துவிட்டார். அகலமாக எழுதியதை, போகிறவர் எந்த வருஷம் திரும்புவாரோ என்று யாரிடமும் காட்டத் துணிவில்லாமல் கிழித்தாள். அவள் தோளுக்குப் பின்னால் எல்லாரும் நின்று, கொஞ்சம் விடுங்க, இல்லை, கொஞ்சம் சேருங்க என்று ஆளாளுக்கு அளவு சொன்னார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்றாள்.

மூடினார்கள். அந்த வீட்டில் மூன்று வருஷத்தில் முதல்முறையாக ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவள் 'போயிட்டு' என்று எழுதினாள். தூரிகையை எடுத்துவிட்டு, தான் தனியாக உட்கார்ந்து ஒரு சொல்லைச் சரியாக முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு இடம் விட்டாள். பிறகு, தெரு முனையில் நிற்கிறவரை நினைத்துக்கொண்டு 'வாங்க' என்று எழுதினாள். மை காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். முதலில் போக வேண்டுமே என்று சங்கடமாகச் சொல்லிவிட்டு, பையோடு எதிர்த்திசையில் நடந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிச் சலவை இயந்திரத்தில் போட்டார்.

மறுநாள் காலை அந்தக் காகிதம் கதவில் இருந்தது. கணவர் கிளம்பினார். அவர் பின்னால் மீட்டர்காரர் எழுந்து, மூன்று வருஷத்து வீடுகள் பாக்கி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள், பூனை உட்பட. சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். அடுத்த நாளும் அப்படியே. எழுத்துக்காரி மேஜையைக் கூடத்து நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை ஒருவர் கருத்தும் இல்லாமல் எழுதினாள். தொகுப்பு தேறியது. 'போயிட்டு வாங்க' கதவில் மாட்டுகிற பலகையாகி, மிதியடி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போயிற்று.

சில மாதம் கழித்து முகவர் கூப்பிட்டார். பலகை நன்றாகப் போகிறதாம். நிறுவனத்துக்கு ஒரே ஒரு சின்னத் திருத்தம் வேண்டுமாம்: நடுவில் அவ்வளவு இடம் வெறுமையாகக் கிடக்கிறது, கொஞ்சம் குறைத்தால் பலகையைச் சிறிதாக்கலாம்.

"குறைச்சா நான் எப்ப சார் வேலை பாக்கறது?" என்று கேட்டுவிட்டு அவள் ஃபோனை வைத்தாள். ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கவே, தூரிகைகளைக் கழுவி வைத்துவிட்டு, பெரிய பாத்திரத்தில் அரிசி களைந்தாள்.